‘இல்லை’ என்பதில் இருவகை

சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் மூத்தவர்களுக்குத் தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாக வரும் ஒருவருடைய உருவமே மனக்கண் முன் நிற்கும். தம்பானூரில் ரயிலை விட்டிறங்கி, பசியோடு முதன்முதல் ஒரு சிற்றுண்டிச் சாலையில் நுழைந்த நாளை மறவாதவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். என் அக்காள் மகன் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் உத்தியோகம் ஏற்று, கரமனையில் என் வீட்டில் வந்து தங்கிய புதிதில், “நூற்றுப்பத்து சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை” என்று தாயாருக்கு டெலிபோனில் சொன்னான். “அவ்வளவு பெரிய ஓட்டலா?” என்று நாகர்கோவிலிலிருந்து கேட்டாள் என் அக்காள்.

பிறகு விசாரித்து நான் அறிந்துகொண்டது இது. ஓரிடத்தில் இருந்தபடி, பல இடங்களிலிருந்து வரும் வேண்டுகோள்களுக்கு இரவும் பகலும் விடை தருகிற கணிப்பொறிக்கே சர்வர் என்று பெயர். நாம் டிக்கெட் பதிவு செய்கிறோம். வங்கியில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறோம். மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு சர்வர் எழுந்து வந்து கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆகவே பரிமாறுகிறவர் என்ற பழைய பொருளும் முற்றும் பொய்யன்று.

1990-ல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் தோன்றிய பிறகு, நம் குடும்பத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இவ்வேலைக்குப் போயிருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு டெலிபோன் அடிக்கிறது. பிள்ளை எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு மடிக்கணிப்பொறியின் முன் உட்காருகிறான். “என்ன வேலையோ, தூக்கமில்லாத வேலை” என்று தாய்மார் அடுத்த அறையிலிருந்து பெருமூச்சு விடுகிறார்கள். அந்த வேலையில் ஒரேயொரு வரியைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினேன். அந்த வரி நம் சங்கத்தையும் ஒருமுறை பதற வைத்தது. காரியதரிசியவர்களின் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

நூற்றுப்பத்து இயந்திரங்களிலும் ஒவ்வொன்றாகப் புகுந்து ஒரே காரியத்தைக் கையால் செய்வதென்றால், முப்பதாவதில் கண் அயரும். ஐம்பதாவதில் ஒரு படி விட்டுப்போகும். இதைத் தவிர்க்க, செய்யவேண்டியவற்றை வரிசையாக ஓர் ஏட்டில் எழுதிவைத்து, அதையே எல்லா இயந்திரங்களிலும் தானாக நிறைவேற்றும் கருவிகள் வந்தன. அவற்றுள் ஒன்று ஆன்சிபிள். மைக்கேல் டீஹான் என்பவர் 2012-ல் வெளியிட்டது. 2015-ல் ரெட் ஹேட் நிறுவனம் அதை வாங்கிற்று. யாரும் எடுத்தாளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்ற சுதந்திர மென்பொருள் வகையைச் சேர்ந்தது. அவ்வியக்கத்தின் இந்திய அமைப்பு 2001-ல் தொடங்கப்பட்டது இதே திருவனந்தபுரத்தில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கருவிக்காக எழுதப்படும் ஏட்டைப் ‘பிளேபுக்’ என்கிறார்கள். நான் ஏடு என்றே எழுதுகிறேன்.

ஏட்டிலுள்ள எந்தக் காரியத்தின் கீழும் ‘வென்’ என்று தொடங்கி ஒரு நிபந்தனை எழுதலாம். ‘இன்னது உண்மையாயின் மட்டும் இதைச் செய்’ என்பது அதன் பொருள். கருவி முதலில் ஒவ்வோர் இயந்திரத்தையும் விசாரித்து அதன் ஜாதகத்தைக் குறித்துக்கொள்கிறது. உள்ளே ஓடும் இயங்குதளம் எது, நினைவகம் எவ்வளவு, வட்டுகள் எத்தனை என்பன அதில் இருக்கும். பிறகு நிபந்தனையை அந்த ஜாதகத்தோடு ஒப்பிடுகிறது. டெபியன் குடும்பமானால் ஒருவகையில் மென்பொருளை நிறுவு, ரெட் ஹேட் குடும்பமானால் வேறுவகையில் நிறுவு என்று ஒரே ஏட்டில் எழுதிவிடலாம். பொருந்தாத இயந்திரத்தில் அக்காரியம் நடவாது. ‘ஸ்கிப்டு’, அதாவது தாண்டப்பட்டது, என்று இளநீல எழுத்தில் ஒரு சொல் திரையில் ஓடி மறையும். ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது அதிசயமன்று. எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகளில் பாதி இத்தகைய வரிகள்தாம். இன்ன தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும், இன்ன பிரிவினருக்கு மட்டும் என்று.

இனி நம் சங்கத்து விஷயம். ஆபீஸ் அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கணிப்பொறி இருப்பதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். உறுப்பினர் பதிவேடு, மண்டப வாடகைக் கணக்கு, கல்வி உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இரவு ஒன்றரை மணிக்கு அன்றன்றைய பதிவுகளைப் பிரதி எடுத்து, வெளியே தனியாக உள்ள ஒரு வட்டில் சேமிக்கும்படி என் மருமகன் ஓர் ஏடு எழுதிக் கொடுத்தான். ‘வட்டு இணைக்கப்பட்டிருந்தால் மட்டும் பிரதி எடு’ என்பது அதில் ஒரு வரி. வட்டு இல்லாத வேளையில் பிரதி எடுக்கப் போனால் பிழை வரும், வீண் கூச்சல் எதற்கு என்று எண்ணி அவ்வாறு எழுதியிருக்கிறான்.

ஆனி மாதத்தில் அறைக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரியை நகர்த்தியபோது வட்டின் வயர் கழன்றது. திரும்பச் செருக யாருக்கும் தோன்றவில்லை. அன்றிரவு ஒன்றரை மணிக்கு ஏடு விழித்து, ‘வட்டு இருக்கிறதா?’ என்று கேட்டது. இல்லை. தாண்டிற்று. மறுநாள் இரவும் கேட்டது; தாண்டிற்று. இவ்வாறு 23 இரவுகள். ஒவ்வொரு காலையிலும் காரியதரிசியவர்களின் டெலிபோனுக்கு ‘பிழை பூஜ்யம்’ என்ற செய்தி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. தாண்டப்பட்டது ஒன்று என்றும் அதே செய்தியின் ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. பிழை பூஜ்யம் என்று கண்ட பிறகு ஓரத்தைப் படிப்பவர் யார்?

அடுத்த நாள், சென்ற ஆண்டு விண்ணப்பங்களை நீக்க முற்பட்ட அன்பர் ஒருவர் கைதவறி இவ்வாண்டு விண்ணப்பங்களையும் நீக்கிவிட்டார். அவர் முகம் வெளுத்ததைக் கண்டு, “நேற்றைய பிரதி இருக்கிறது, கவலை வேண்டாம்” என்று நான்தான் தைரியம் சொன்னேன். பார்த்தால், கடைசிப் பிரதி வெள்ளையடிப்பதற்கு முந்தின இரவினது. 61 பிள்ளைகளின் விண்ணப்பங்களில் 38 அதற்குப் பின் வந்தவை. உதவித்தொகைப் பட்டியல் முடிவாக ஐந்தே நாட்கள் இருந்தன. அவற்றுள் ஒரு விண்ணப்பம், பாலிடெக்னிக்கில் முதல் தவணை கட்ட அதே வாரம் கெடு உள்ள ஒரு பெண்ணுடையது. தகப்பனார் இல்லாத பெண்.

நம்மைக் காப்பாற்றியது ரசீதுப் புத்தகம். விண்ணப்பம் வாங்கியதற்கு அடையாளமாக எழுத்தில் ஒரு ரசீது கொடுத்தே ஆகவேண்டும் என்று நம் பழைய பொருளாளர் பிடிவாதம் பிடித்ததும், ‘கணிப்பொறி வந்தபின் காகிதம் எதற்கு?’ என்று நானும் மற்றவர்களும் அவரைக் கேலி செய்ததும் உண்டு. அந்த அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு நால்வர் மூன்று மாலைகள் கரமனை, வலியசாலை, சாலை, மணக்காடு என்று வீடு வீடாகப் போய் விவரங்களைத் திரும்ப எழுதி வாங்கினோம். ஒரு குடும்பம் வீடு மாற்றிப் போயிருந்தது. பால்காரர் உதவியால் கண்டுபிடித்தோம். 38-ம் வந்து சேர்ந்தன. பாலிடெக்னிக் தவணையும் கெடுவுக்குள் கட்டப்பட்டது.

அன்றிரவு மருமகன் சாப்பிடவில்லை. “மாமா, கருவி தவறு செய்யவில்லை. கேள் என்று நான் சொன்னதைக் கேட்டது. இல்லாவிட்டால் தாண்டு என்றேன், தாண்டிற்று. இல்லை என்று வந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை நான் எழுதவில்லை” என்றான்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. இல்லை என்பதில் இருவகை உண்டு. ‘வேண்டியதில்லை’ என்பது ஒன்று; ‘முடியவில்லை’ என்பது மற்றொன்று. டெபியன் இயந்திரத்தில் ரெட் ஹேட் காரியத்தைச் செய்ய வேண்டியதில்லை. அங்கே தாண்டிச் செல்வதே முறை. வட்டு இல்லாமையோ வேண்டியதில்லை என்பதன்று. அது காரியத்துக்கே நேர்ந்த இடையூறு. அதைத் தாண்டிச் சென்றால் இடையூறு மறைந்துபோகிறது. இரண்டாம் வகைக்கென்று கருவியில் வேறு கட்டளைகள் உண்டு. ‘அசெர்ட்’ என்பது ஒன்று. இன்னது இருந்தே தீரவேண்டும், இல்லையேல் நின்று கூவு என்று அது சொல்லும். மருமகனுக்கு இது தெரியாததன்று. தெரிந்தும், சிவப்பு எழுத்துப் பிழையைக் காண விரும்பாமல் நீல எழுத்துக்கு வழிசெய்துவிட்டான். பிழையைப் பொருட்படுத்தாமல் மேலே போ என்று ஒரு கட்டளையும் அக்கருவியில் இருக்கிறதாம். அதை ஏன் வைத்தார்களோ தெரியவில்லை. என் மேலதிகாரி கண்ணில் படாதிருக்கக் கடவது.

ரயில்வேயில் இந்த வேற்றுமை குழந்தைக்கும் தெரியும். சிறு நிலையத்தில் நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸ் அதைத் தாண்டிச் செல்கிறது. அங்கே நிற்க வேண்டியதில்லை. அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் வராத வண்டியோ நிற்கிறது. அது தாண்டுவதில்லை, காத்திருக்கிறது. ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிய பந்து டோக்கன் முறையை மூத்த அன்பர்கள் பார்த்திருப்பார்கள். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே இருக்கும்போது, அது ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பச் சேரும்வரை மற்றொரு பந்து எந்தப் பக்கத்திலும் வெளிவராது. அந்த எஃகுப் பந்து கைக்கு வந்தாலன்றி டிரைவர் பாதையில் நுழையக்கூடாது. பாதை காலி என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டது போதாது. சான்று கையில் கனக்க வேண்டும்.

நம் ஊருக்கு நெருங்கிய உதாரணம் இன்னொன்றும் உண்டு. 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் புறப்பட இருந்தது. அதன் நடுவில் திட எரிபொருள் கொண்ட பெரிய பகுதி. சுற்றிலும் திரவ எரிபொருள் கொண்ட நான்கு பகுதிகள். திரவ எஞ்சின்கள் நம் வலியமலாவில் தலைமையகம் கொண்ட திரவ உந்து அமைப்பு மையத்தின் பொறுப்பு. திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் பிறகு அணைக்க இயலாது. ஆதலால் நான்கு திரவ எஞ்சின்களையும் சில வினாடிகள் முன்னதாக எரியவிட்டு, நான்கும் போதிய விசை தருகின்றனவா என்று கணிப்பொறி பார்த்த பிறகே திடப்பகுதிக்குத் தீ வைக்கும். அன்று நான்கில் ஒன்று போதிய விசை தரவில்லை. புறப்பட ஒரு வினாடி இருக்கையில் கணிப்பொறி அனைத்தையும் நிறுத்திற்று. நால்வரில் மூவர் சரி, ஒருவரைத் தாண்டுவோம் என்று அது போகவில்லை. சரிசெய்யப்பட்ட அதே ராக்கெட் ஏப்ரல் 18 அன்று வானில் எழுந்தது. மீள முடியாத காரியத்துக்கு முன்னே கேள்வியை வைத்தவர்களின் புத்தியை நினைந்து நினைந்து வியக்கிறேன்.

நிற்காமல் போனதன் விலையை அமெரிக்காவில் ஒரு பங்கு வியாபார நிறுவனம் கொடுத்தது. நைட் கேப்பிட்டல் என்று பெயர். 2012 ஆகஸ்டு முதல் தேதிக்காக எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளைக் கையாலேயே சேர்த்தார்கள். ஏழில் சேர்ந்தது, எட்டாவதில் விட்டுப்போயிற்று. எட்டும் முடிந்தனவா என்று இரண்டாவது ஆள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட விதியும் இல்லை. இதைவிடக் கொடியது, புதிய மென்பொருளை இயக்குவதற்கென்று வைத்த அடையாளம், பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட ஒரு பழைய பகுதியை இயக்கப் பயன்பட்ட அதே அடையாளம். ஏழு இயந்திரங்களில் அந்த அடையாளம் புதியதை எழுப்பிற்று; எட்டாவதில் உறங்கிக் கிடந்த பழையதை எழுப்பிற்று. பழையது நிறுத்தமில்லாமல் பங்குகளை வாங்கிற்று, விற்றது. சந்தை திறக்குமுன்பே 97 மின்னஞ்சல்கள் பிழை என்று கூறின. அவற்றை யாரும் எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு இயந்திரங்களிலிருந்து புதிய மென்பொருளை எடுத்துவிட்டார்கள். நோய் எட்டுக்கும் பரவிற்று. சுமார் 45 நிமிஷங்களில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டில் அரசாங்கக் கண்காணிப்பு ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது.

ஆன்சிபிள் போன்ற கருவி இருந்தால் இவ்வாறு நேராது என்று மருமகனிடம் சொன்னேன். அவன் ஒப்பவில்லை. “எட்டாவது இயந்திரம் அந்நேரம் கிட்டாமற்போனால், ஆன்சிபிளும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற ஏழையும் முடிக்கும், மாமா. கிட்டாதது ஒன்று என்று கடைசியில் எழுதும். ஒன்று தவறினாலும் அனைத்தையும் நிறுத்து என்று நாம்தான் ஏட்டில் சொல்லி வைக்கவேண்டும்” என்றான்.

அவன் ஆபீசில் நடந்த ஒன்றையும் கூறினான். ஒரு காரியம் எதையேனும் மாற்றியிருந்தால் மட்டும், கடைசியில் ஒருமுறை நடக்கும் காரியம் என்று ஆன்சிபிளில் ஒரு வகை உண்டு. புதிய பாதுகாப்புச் சான்றிதழை வட்டில் வைத்தால், சர்வரிலுள்ள சேவையை நிறுத்தித் தொடங்கவேண்டும். வைக்காத நாளில் வேண்டியதில்லை. ஒருநாள் சான்றிதழை வைத்தாயிற்று. இடையில் வேறொரு காரியம் பழுதாகி ஏடு நின்றுவிட்டது. சேவை திரும்பத் தொடங்கவில்லை. பழுதைச் சரிசெய்து ஏட்டை மறுபடி ஓட்டினார்கள். சான்றிதழ் வட்டில் ஏற்கெனவே இருந்தபடியால், மாற்றமில்லை என்று பச்சை எழுத்தில் சொல்லிவிட்டு முடிந்தது. புதிய சான்றிதழ் வட்டில். ஓடிக்கொண்டிருந்த சேவையின் வாயிலோ பழையது. பத்து நாள் கழித்துப் பழையது காலாவதியான காலையில் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கைப் பலகை தோன்றிற்று. எனக்கு இது நன்றாகப் புரிந்தது. மாற்றல் உத்தரவு கோப்பில் இருக்கும். ஆள் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். கோப்பைக் கேட்டால் எல்லாம் சரி. இப்போது அவர்கள் வட்டைக் கேட்பதில்லை. ஓடுகிற சேவையையே அழைத்து, உன்னிடம் இருப்பது எது என்று கேட்கிறார்கள்.

‘ஆம்’ என்பதும் சில வேளை ஏமாற்றும். பழைய தகவல்களை நீக்கு என்ற காரியத்துக்கு நிபந்தனையாக ஒரு பெயரை வைத்து, ஓட்டும்போது அதற்குப் ‘பொய்’ என்று மதிப்புக் கொடுத்தால், கருவி அதை எழுத்துக் கோவையாகவே பெறுகிறது. எழுத்து இருக்கிறது, வெற்றிடமன்று. ஆகவே ‘ஆம்’ என்று கொண்டு நீக்கிவிட்ட பதிப்புகள் இருந்தன. ‘இதை ஆம்–இல்லை என்றே படி’ என்று அருகில் எழுதுவதே காப்பு. 2025-ல் வந்த 2.19 பதிப்பு, ஆம்–இல்லை என்று அமையாத நிபந்தனையைக் கண்டால் ஊகம் செய்யாமல் பிழை என்று நின்றுவிடுகிறது. நல்ல திருத்தம்.

இதைக் கேட்கையில் என் மனம் வேறிடத்துக்குப் போயிற்று. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாஹாநகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு முதன்மைப் பாதையில் பச்சை விளக்கு எரிந்தது. பாயின்ட் திரும்பியிருந்ததோ சரக்கு வண்டி நின்ற லூப் பாதைக்கு. சிக்னல் மின்சுற்றில் முன்பு செய்த மாற்றமும், அன்று கேட் தடுப்புக்காகச் செய்த வேலையுமே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பாயின்ட் நேராக இருந்தால் மட்டும் பச்சை என்ற நிபந்தனை அங்கே இல்லாமலில்லை. அதற்கு விடை சொன்ன வயர் பொய் சொல்லிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாரம் எங்கள் ஆபீசில் யாரும் உரக்கப் பேசவில்லை.

சங்கத்து ஏட்டை மருமகன் திருத்திவிட்டான். வட்டு இல்லையேல் இப்போது அது தாண்டுவதில்லை. நின்று, காரியதரிசியவர்களையும் அவனையும் ஒருங்கே டெலிபோனில் எழுப்புகிறது. பிரதி எடுத்த பிறகு அதிலிருந்து ஒரு விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்த பின்னரே, முடிந்தது என்று செய்தி அனுப்புகிறது. ரசீதுப் புத்தகமும் தொடர்கிறது.

ஆவணியில் நம் மண்டபத்தில் ஒரு கல்யாணம். முதல்நாள் இரவு ஒன்றரை மணிக்குக் காரியதரிசியவர்களின் டெலிபோன் அலறியது. அவர் மருமகனை அழைத்தார். அவன் என்னை எழுப்பினான். மூவரும் மண்டபத்துக்கு ஓடினோம். சமையற்கட்டில் பிளக் போதாமல், யாரோ ஆபீஸ் அறையிலிருந்து வட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் கிரைண்டரைச் செருகியிருந்தார்கள். மாவு பாதி அரைபட்டிருந்தது. நிறுத்தக் கூடாது என்று சமையற்காரர் வாதாடினார். ஹாலிலிருந்து நீள வயர் ஒன்று தேடி எடுத்து, கிரைண்டருக்கு வேறு வழி செய்து கொடுத்தோம். எங்கள் மூவருக்கும் அவர் சுடச்சுடக் காப்பி கொடுத்தார். பிரதி எடுத்து முடிந்தது என்ற செய்தி வரும்போது மணி இரண்டே முக்கால்.